ரயிலுக்கும் கப்பலுக்கும் ஒரே வாசல்: பாம்பனைக் கடந்த வரலாறு

மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் நடுவே கிடக்கும் கடல் இரண்டு கிலோமீட்டர் அகலம்தான். அடியில் பாறையும் மணல் திட்டும் மாறி மாறிக் கிடப்பதால் ஆழமும் குறைவு. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. கரையோர மீனவர்கள் பேச்சில் இவை வடகடல், தென்கடல். வாடைக் காலத்தில் வடகடல் நீர் இந்த இடுக்கு வழியே தெற்கே பாயும். தென்மேற்குப் பருவம் தொடங்கியதும் ஓட்டம் திரும்பிவிடும். அகலம் குறைவான இடத்தில் நீர் இப்படி இழுப்பதால், இரண்டு கிலோமீட்டரைக் கடப்பது இரண்டு கிலோமீட்டர் வேலையாக ஒருபோதும் இருந்ததில்லை.

இங்கே இரண்டு போக்குவரத்துகள் குறுக்கிடுகின்றன. இராமேசுவரம் போகும் மனிதர்கள் மேற்கிலிருந்து கிழக்கே கடக்க வேண்டும். கரையோரமாகச் சரக்கு ஏற்றிச் செல்லும் தோணிகளும் சிறு கப்பல்களும் தெற்கிலிருந்து வடக்கே கடக்க வேண்டும். ஒன்றுக்கு வழிவிட்டால் மற்றொன்று நிற்க வேண்டும். பாம்பனில் இருநூறு ஆண்டுகளாக நடந்த பொறியியல் வேலைகள் எல்லாமே இந்தச் சிக்கலை அந்தந்தக் காலத்துப் பணத்துக்கும் கருவிக்கும் தக்கபடி அவிழ்க்கப் பார்த்தவை.

ஒரு காலத்தில் இராமேசுவரத் தீவு நிலத்தோடு ஒட்டியிருந்தது என்றும், 1480-இல் அடித்த புயல் அந்த இணைப்பை அறுத்துவிட்டது என்றும் கோயில் பதிவுகளை ஆதாரமாகக் காட்டிச் சொல்லப்படுகிறது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இந்தக் கரையை ஆண்ட சேதுபதிகளுக்கு யாத்திரைப் பாதையைக் காப்பது ஆட்சிக் கடமை; அவர்கள் உரிமைக்கே அதுதான் அடிப்படை. பாதையில் வழிநெடுகச் சத்திரங்கள் எழுந்தன. கிழவன் சேதுபதி தலைநகரைப் போகலூரிலிருந்து இராமநாதபுரத்துக்கு மாற்றிய பிறகு அந்த ஊரே யாத்திரிகர்கள் தங்கிப் போகும் பெரிய நிறுத்தமாயிற்று. நடந்தும் மாட்டு வண்டியிலும் மண்டபம் வந்தவர்கள் அங்கிருந்து தோணி ஏறினார்கள். மண்டபத்தை ஒட்டிய தோணித்துறை என்ற ஊர் இன்றும் இருக்கிறது. காற்று ஒத்துவராத நாளில் கரையில் காத்திருப்பதும் யாத்திரையில் சேர்ந்ததுதான்.

முதலில் பொறியாளர்களை வரவழைத்தது யாத்திரிகர் பக்கம் அல்ல, கப்பல் பக்கம். மேற்குக் கரையிலிருந்து சென்னைக்குப் போகும் கப்பல் பாம்பன் வழியே நுழைய முடியாவிட்டால் இலங்கையைச் சுற்றித்தான் போக வேண்டும். 1822-இல் இளம் பொறியாளராக இருந்த ஆர்தர் காட்டன் இந்தக் கால்வாயை அளந்தார். பிற்காலத்தில் கல்லணையிலும் கோதாவரியிலும் பேர் வாங்கியவர் இவர்தான். அடுத்து வந்த ஆண்டுகளில் கடலடிப் பாறையை வெடிவைத்து உடைத்தும் மணலை வாரியும் ஒரு தடம் வெட்டப்பட்டது. பெரிய கப்பல்களுக்கு அது போதவில்லை. அவை பழையபடி இலங்கையைச் சுற்றின. கரையோரச் சிறு கப்பல்களுக்குப் போதுமானதாக இருந்தது. அந்த அரைகுறை வெற்றியின் விளைவு நூறாண்டு நீடித்தது. கப்பல் வழி என்று ஒன்று வெட்டிவிட்டதால், பின்னால் யார் பாலம் கட்ட வந்தாலும் அதை அடைக்க முடியாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி வரை பாம்பன் ஒரு கப்பல் துறையாகவே அறியப்பட்டது. மேலை நாடுகளிலிருந்து திரும்பிய விவேகானந்தர் இலங்கை வழியாக வந்து 1897 ஜனவரி 26 அன்று இறங்கியதும் இங்கேதான். பாஸ்கர சேதுபதி நேரில் வந்து வரவேற்றார். அப்போது ரயில் இந்தப் பக்கம் எட்டியிருக்கவில்லை. தென்னிந்திய ரயில்வேயின் பாதை மதுரையிலிருந்து மண்டபம் வந்து சேர்ந்தது 1902-இல்.

மண்டபத்தில் தண்டவாளம் நின்றதும் அடுத்த கேள்வி எழுந்தது. இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் போக வேண்டும், அரிசி போக வேண்டும், தபால் போக வேண்டும். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு நீராவிக் கப்பல் ஓடிக்கொண்டிருந்தாலும் அது இரவு முழுவதும் கடலில் கழியும் பயணம். தீவின் கோடியிலுள்ள தனுஷ்கோடியிலிருந்து இலங்கையின் தலைமன்னாருக்கோ கடல் தூரம் சுமார் 35 கிலோமீட்டர்தான். ஆதம் பாலம் என்று வரைபடங்கள் சொல்லும் மணல் திட்டுகளின் மேலேயே ரயில் பாதை போட்டு இலங்கையைத் தொட்டுவிடலாம் என்ற திட்டமும் இருந்தது. 1913-இல் அதற்கு அளவெடுப்புகூட நடந்தது. ஆனால் அதற்கு முன்பே எளிய வழிக்கு வேலை தொடங்கியாகிவிட்டது. பாம்பனில் பாலம், தீவின் கோடி வரை ரயில், அங்கிருந்து சிறு கப்பல், எதிர்க்கரையில் மறுபடி ரயில் என்பது அந்த வழி. பெரிய கனவை ஒத்திவைத்து நடக்கிற காரியத்தை முதலில் முடித்தது புத்திசாலித்தனம். ஒத்திவைத்தது இன்று வரை ஒத்திவைத்ததாகவே இருக்கிறது.

பாலத்துக்கு 1911-இல் வேலை தொடங்கியது. 145 கண்கள், பெரும்பாலானவை 40 அடி அளவுள்ள சிறிய இரும்புக் கர்டர்கள். மொத்த நீளம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல். இத்தனை சிறு கண்களாகப் பிரித்ததற்குக் காரணம் உண்டு. கடல் ஆழமற்றது என்பதால் தூண் நிறுத்துவது எளிது, நீண்ட கர்டரைக் கடல் நடுவே தூக்கி வைப்பதுதான் கடினம். கர்டர் சிறியதாக இருந்தால் ஒன்று போனாலும் இன்னொன்றை வைத்துவிடலாம். ஐம்பது ஆண்டு கழித்து இந்த யோசனை எதிர்பாராத விதத்தில் கைகொடுத்தது.

கப்பல் வழியில் மட்டும் வேறு ஏற்பாடு. சிகாகோவில் வில்லியம் ஷெர்ஸர் என்ற பொறியாளர் நகரத்து ஆற்றுப் பாலங்களுக்காக உருளும் தூக்குப்பாலம் ஒன்றை வடிவமைத்திருந்தார். 1893-இல் அவர் இறந்த பிறகு அவர் பெயரிலான நிறுவனம் அதைப் பல நாடுகளுக்குக் கொண்டுபோனது. பாம்பனுக்கான பாகங்கள் இங்கிலாந்தில் வார்க்கப்பட்டு வந்தன. இரண்டு பக்கமும் ஒவ்வொன்றும் சுமார் 415 டன் எடையுள்ள இரண்டு இலைகள் நடுவில் வந்து பொருந்தும். ஒவ்வொரு இலையின் கரைப்பக்க முனை கால்வட்டமாக வளைந்தது. அதன் மேலே எதிர்ப்பாரம் உட்கார்ந்திருக்கும். ஆடும் நாற்காலியைப் பின்னால் சாய்ப்பது போல, இலை தன் வளைந்த அடியில் உருண்டு பின்வாங்கும்போதே முன்முனை மேலே எழும். எதிர்ப்பாரம் எடையைச் சமன்செய்துவிடுவதால் இந்த 415 டன்னை எழுப்ப மனிதக் கையே போதும்.

அப்படித்தான் நூறாண்டுக்கும் மேலாக எழுப்பினார்கள். கப்பல் வருவதாகப் பாம்பன் துறைமுக அலுவலகத்திலிருந்து ரயில்வேக்குத் தகவல் போகும். ரயில் நேரம் பார்த்து நாள் குறிப்பார்கள். அதுவரை கப்பல்கள் நங்கூரமிட்டுக் காத்திருக்கும். குறித்த நேரத்தில் தண்டவாளப் பூட்டுகளைக் கழற்றி, ஒரு பக்கத்துக்கு ஐந்தாறு பேராக நின்று, பல்சக்கரத்தோடு இணைந்த கம்பிகளைச் சுற்றிச் சுற்றித் தள்ளுவார்கள். இலைகள் கிட்டத்தட்ட நிமிர்ந்து, 81 டிகிரி வரை எழும். நீரோட்டம் தணியும் நேரத்தைக் கணக்கிட்டு, வழி தெரிந்த உள்ளூர்க்காரர் துணையோடு கப்பல் உள்ளே நுழையும். முன்னால் கப்பல், பின்னால் வரிசையாக விசைப்படகுகள் என்று அந்தச் சந்தர்ப்பத்தில் எல்லாம் கடந்துவிடும். பிறகு இலைகளை இறக்கி, பூட்டி, சரிபார்த்து, ரயிலுக்குச் சிக்னல் கொடுப்பார்கள். மின்சாரம் எதுவும் இல்லாத இந்த இயந்திரத்துக்கு நிதானமான ஆட்களும் கிரீஸும்தான் தேவை.

1914 பிப்ரவரி 24 அன்று பாலம் திறக்கப்பட்டது. எழும்பூரிலிருந்து தனுஷ்கோடி, கப்பலில் தலைமன்னார், அங்கிருந்து கொழும்புக் கோட்டை என்று ஒரே பயணச்சீட்டில் போகும் வழி உருவாயிற்று. இந்த ரயில் ‘போட் மெயில்’ என்று அழைக்கப்பட்டது. கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்று வைசிராய்கள் பெயர் தாங்கிய நீராவிக் கப்பல்கள் முதலில் ஓடின. பின்னாளில் இர்வின், கோஷன் என்ற கப்பல்கள் வந்தன. தனுஷ்கோடியில் ரயில் கப்பல்மேடை வரைக்கும் போய் நிற்கும். சுங்கச் சாவடி, தபால் நிலையம், பயணியர் விடுதி என்று மணல் முனையில் ஒரு ஊர் எழுந்தது.

மேல் வகுப்புப் பயணிகளின் இந்த வசதியான பாதையேதான் கண்டிச் சீமைக்குப் போன தோட்டத் தொழிலாளர்களின் பாதையும். அவர்களுக்கு இடையில் ஒரு நிறுத்தம் இருந்தது. மண்டபம் முகாமில் இறக்கி, சில நாள் தங்கவைத்து, அம்மை குத்தி, நோய் சோதித்து, பிறகே கப்பலேற விட்டார்கள். எந்தத் தோட்டத்துக்குப் போகிறவர் என்று எண் வெட்டிய தகரத் துண்டு ஒவ்வொருவரிடமும் இருக்கும். வழிச் செலவெல்லாம் அந்தத் தகர டிக்கெட்டின் பேரில் எழுதப்பட்டுக் கடைசியில் தொழிலாளியின் கணக்கில் கடனாக ஏறும். போக்குவரத்து ஏற்பாடு என்ற முறையில் வெகு திறமையானது. யாருக்குத் திறமை, யாருக்குக் கடன் என்பது வேறு கணக்கு. 1964 அக்டோபரில் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானபின், போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இதே கடல் வழியில் திரும்பி வந்து இதே முகாமில் தங்கினார்கள். 1983-க்குப் பிறகு இலங்கை அகதிகளுக்கும் அதே இடம்தான்.

போக்குவரத்தில் மட்டும் அல்ல, கல்வியிலும் இந்தக் கரையின் வரலாறு எளிய நடைமுறைத் திட்டம் ஒன்றிலிருந்து தொடங்குகிறது. 1780-களில் தஞ்சாவூரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரதிநிதியாக இருந்த ஜான் சலிவன், உள்ளூர் மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் பள்ளிகளைத் தஞ்சாவூர், இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய ஊர்களில் தொடங்கலாம் என்று யோசனை சொன்னார். நடத்தும் பொறுப்பு கிறிஸ்தவ மதபோதகர் ஷ்வார்ட்ஸிடம் வந்தது. 1787-இல் கம்பெனி ஒவ்வொரு பள்ளிக்கும் ஆண்டுக்கு 250 பகோடா ஒதுக்கியது. ஆங்கிலக் கல்வியை வலியுறுத்திய மெக்காலேயின் குறிப்புக்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு முந்தைய செய்தி இது. நோக்கம் அறிவொளி பரப்புவது மட்டும் அல்ல. மொழிபெயர்ப்பாளர் துணையில்லாமல் அரசவையோடும் குடிகளோடும் பேச ஆள் வேண்டியிருந்தது. ஷ்வார்ட்ஸின் பெயரைத் தாங்கிய பள்ளி இராமநாதபுரத்தில் தொடர்ந்தது.

அதே பள்ளியில் 1940-களில் படித்தவர் அப்துல் கலாம். அவர் குடும்பமே கடவைத் தொழிலோடு ஒட்டியது. தந்தை ஜைனுலாப்தீன் ஒரு மரப்படகு கட்டி, யாத்திரிகர்களை இராமேசுவரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஏற்றிப் போய்வந்தார். புயல் ஒன்று அந்தப் படகைக் கொண்டுபோய்விட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இராமேசுவரத்தில் ரயில் நிற்பது நிறுத்தப்பட்டபோது, நாளிதழ்க் கட்டுகள் ஓடும் ரயிலிலிருந்து வீசப்பட்டன. அவற்றைப் பொறுக்கிச் சேர்ப்பது உறவினர் சம்சுதீனுக்கு உதவியாகச் சிறுவன் கலாம் செய்த வேலை. இராமேசுவரத்துத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர், பறவை பறக்கும் விதத்தைக் கரும்பலகையில் படம் போட்டு விளக்கிவிட்டு, புரிந்ததா என்று கேட்டாராம். புரியவில்லை என்று மாணவர்கள் சொன்னதும் வகுப்பையே கடற்கரைக்கு அழைத்துப் போய்ப் பறவைகளைக் காட்டினார். தன் வாழ்க்கைத் தொழிலைத் தீர்மானித்த பாடம் அதுதான் என்று கலாம் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

கடலையே ஆய்வுக்கூடமாக்கிய இன்னொரு அமைப்பும் இங்கே உண்டு. 1947-இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1949 முதல் 1971 வரை மண்டபம் முகாமைத் தலைமையிடமாகக் கொண்டிருந்தது. தலைமையகம் கொச்சிக்குப் போன பிறகும் மண்டபத்தில் அதன் மையம் இயங்குகிறது. கடலில் கூண்டு கட்டிக் கடல்விறால் வளர்க்கும் முறை இங்கே மீனவர்களுக்குக் கற்பிக்கப்படுகிறது.

பாலத்தின் கதைக்குத் திரும்புவோம். 1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டிப் புயல் தனுஷ்கோடியை அடித்தது. பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் ரயில் ஒன்று தனுஷ்கோடியை நெருங்கும் இடத்தில் பேரலையில் சிக்கி, உள்ளே இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு மூழ்கியது. ஒருவரும் பிழைக்கவில்லை. கப்பல்மேடை, ரயில் நிலையம், தேவாலயம், குடியிருப்பு எல்லாம் போயின. பாம்பன் பாலத்தில் 126 கர்டர்களைக் கடல் கொண்டுபோனது. தூக்குப்பாலம் மட்டும் அசையாமல் நின்றது.

சீரமைப்புக்கு ஆறு மாதம் என்று ரயில்வே கெடு வைத்தது. மேலதிகாரி அதை மூன்று மாதமாகக் குறைத்தார். பொறுப்பேற்ற இ. ஸ்ரீதரனுக்கு அப்போது வயது 32. புதிதாகக் கர்டர் செய்து கொண்டுவருவதென்றால் செய்யும் நாளும் கொண்டுவரும் நாளும் சேர்ந்து கெடு கைநழுவிவிடும். அந்த நேரத்தில் கர்டர்கள் கடலடியில் கிடக்கும் இடம் மீனவர்கள் மூலம் தெரியவந்தது. அறுந்து போனவை தூரமாக அடித்துச் செல்லப்படாமல் பல இடங்களில் பாலத்துக்கு எட்டும் தொலைவில் மணலில் கிடந்தன. அவற்றைத் தூக்குவதற்கென்றே பாரந்தூக்கி ஏற்பாடு ஒன்றை ஸ்ரீதரனின் குழுவினர் களத்திலேயே வகுத்தார்கள். முதல் கர்டரை ஏற்ற நாள் கணக்கில் பிடித்த வேலை, கை பழகப் பழக, ஒரே நாளில் பல கர்டர் என்ற வேகத்துக்கு வந்தது. 46 நாளில் பாலம் ரயிலுக்குத் தயாரானது. சிறு கர்டர், மீனவர் அறிவு, தூணின் உறுதி மூன்றும் சேர்ந்திராவிட்டால் அந்தக் கணக்கு வந்திருக்காது. பிற்காலத்தில் கொங்கண் ரயில்வேயும் டெல்லி மெட்ரோவும் கட்டியவரின் பெயர் முதலில் வெளியே தெரிந்தது இங்கேதான்.

தனுஷ்கோடிப் பாதையை யாரும் மறுபடி போடவில்லை. ரயில் இராமேசுவரத்தோடு நின்றது. தலைமன்னாருக்கு ‘இராமானுஜம்’ என்ற கப்பல் இராமேசுவரத்திலிருந்து போய்வந்தது. இலங்கையில் உள்நாட்டுப் போர் மூண்டதும் 1980-களின் நடுவில் அதுவும் நின்றது. இதற்கிடையே 1974-இல் தொடங்கிய சாலைப் பாலம் பதினான்கு ஆண்டு இழுத்து, 1988 அக்டோபர் 2 அன்று ராஜீவ் காந்தியால் திறக்கப்பட்டது. 2.345 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த இந்திரா காந்தி பாலம், கப்பல் சிக்கலைத் தூக்குவதும் இறக்குவதும் இல்லாமல் உயரத்தால் தீர்த்தது. லாரிக்கு அந்த ஏற்றம் பொருட்டல்ல. ரயிலால் அவ்வளவு குறுகிய தூரத்தில் அப்படி ஏற முடியாது. ஆகவே ரயில் பாலம் கடல்மட்டத்தை ஒட்டியே கிடந்தது.

மீட்டர் பாதை 2007-இல் அகலப் பாதையானபோது பழைய தூண்களும் தூக்குப்பாலமும் வலுப்படுத்தப்பட்டு, தம் காலத்தில் யாரும் நினைக்காத பாரத்தைச் சுமந்தன. ரயில் அதன் மேல் ஊர்ந்துதான் போகும். காற்றுமானி மணிக்கு 58 கிலோமீட்டருக்கு மேல் காட்டினால் சிக்னல் தானாகவே சிவப்பாகும். கடலின் மேல் ரயிலைச் செலுத்துவதா வேண்டாமா என்ற முடிவைத் தனி ஆளின் துணிச்சலிடமிருந்து கருவி வாங்கிக்கொண்டது. பின்னர் சென்னை ஐஐடி உதவியோடு பாலத்தில் உணர்கருவிகள் பொருத்தி, அதிர்வையும் இரும்பின் அழுத்தத்தையும் தொடர்ந்து பதிவு செய்தார்கள். 2022 டிசம்பரில் தூக்குப்பாலப் பகுதியில் வழக்கத்துக்கு மாறான அறிகுறி தெரிந்து ரயில் நிறுத்தப்பட்டது. பிறகு அந்தப் பாலத்தில் பயணிகள் ரயில் ஓடவே இல்லை.

புதிய பாலம் அதற்கு முன்பே பக்கத்தில் எழத் தொடங்கியிருந்தது. 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்டு, சுமார் 550 கோடி ரூபாய்ச் செலவில், ரயில் விகாஸ் நிகம் நிறுவனத்தின் மேற்பார்வையில் கட்டப்பட்டது. 18.3 மீட்டர் கண்கள் 99. கப்பல் வழிக்கு மட்டும் 72.5 மீட்டர் நீளமுள்ள ஒரே துண்டு. இது சாய்ந்து எழாது. இருபுறக் கோபுரங்களிலிருந்து கம்பிவடங்களும் எதிர்ப்பாரங்களும் இழுக்க, படுத்த நிலையிலேயே 17 மீட்டர் வரை நேராக மேலே போகும். மோட்டார்களைக் கணினிக் கட்டுப்பாடு இயக்குகிறது. 660 டன் எடையின் இரு முனைகளும் ஒரே வேகத்தில் எழுகின்றனவா, பூட்டு விழுந்ததா, காற்று அனுமதிக்கிறதா என்பதையெல்லாம் உணர்கருவிகள் பார்த்துச் சொன்ன பிறகே அடுத்த படி நகரும். கம்பி சுற்றிய பத்துப் பன்னிரண்டு பேரின் வேலை சில நிமிடங்களுக்குச் சுருங்கி அறைக்குள் போய்விட்டது. நூறாண்டு இடைவெளியில் மாறாதது எதிர்ப்பாரத் தத்துவம் ஒன்றுதான்.

பயணிகள் ரயிலுக்குமுன் 2024 நவம்பரில் பாலத்தைச் சோதித்த ரயில்வே பாதுகாப்பு ஆணையர், வடிவமைப்பு அங்கீகரிக்கப்பட்ட முறையையும் துருப்பிடிக்கும் அறிகுறிகளையும் குறித்துக் கேள்விகள் எழுப்பினார். அதற்கெனக் குழு அமைக்கப்பட்டது. பொதுவாக மணிக்கு 75 கிலோமீட்டர், தூக்குப் பகுதியில் 50 கிலோமீட்டர் என்ற வேக வரம்போடு அனுமதி கிடைத்தது. 2025 ஏப்ரல் 6, ராமநவமி அன்று பாலத்தைப் பிரதமர் திறந்துவைத்தார். அன்றே தாம்பரத்துக்குப் புதிய ரயிலும் விடப்பட்டது. துருவைத் தாங்க எஃகுக் கம்பிகளில் துருப்பிடிக்காத வகை பயன்பட்டிருக்கிறது. மேலே பாலிசிலாக்சேன் பூச்சு. இணைப்புகள் ஆணியடிப்பாக இல்லாமல் பற்றவைப்பாக உள்ளன. அடியமைப்பு இரட்டைப் பாதைக்கு இடம்விட்டுக் கட்டப்பட்டிருந்தாலும் இப்போது ஓடுவது ஒற்றைப் பாதைதான்.